இரண்டு பக்கமும் லாபம்!

காமெடிப் படத்துக்கு ஒரு பழைய ஃபார்முலா உண்டு. ஒத்தே போகாத இரண்டு பேரைப் பிடித்து ஒரே வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட வேண்டும். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 1968-ல் வந்த ‘தி ஆட் கப்பிள்’ படத்தில் ஜாக் லெமன் சுத்தம், சுத்தம் என்று உயிரை எடுப்பார். வால்டர் மத்தாவ் வீட்டையே குப்பைத்தொட்டியாக வைத்திருப்பார். நாற்பது வருஷம் கழித்து இதே ஃபார்முலாவில் இரண்டு பெண்களைப் போட்டு, நடுவில் ஒரு கர்ப்பத்தையும் வைத்தார்கள். அதுதான் 2008-ல் வந்த ‘பேபி மாமா’. தலைப்பைப் பார்த்துவிட்டு நம்ம ஊர் மாமாவைத் தேடாதீர்கள். அமெரிக்காவில் மாமா என்றால் அம்மா!

கேட் (டினா ஃபே) பிலடெல்ஃபியாவில் ஓர் ஆர்கானிக் உணவுக் கம்பெனியில் பெரிய பதவி. வயது 37. கல்யாணம் ஆகவில்லை. குழந்தை வேண்டும். டாக்டரோ, கர்ப்பம் தரிக்க உங்களுக்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்கிறார். வாடகைத் தாய் ஏற்பாடு செய்யும் கம்பெனிக்குப் போகிறாள். ஒரு லட்சம் டாலர் என்கிறார்கள். ஓர் ஆளைத் தீர்த்துக்கட்டுவதற்குக்கூட இவ்வளவு ஆகாதே என்கிற ரீதியில் கேட் முனக, இதற்கு நாள் அதிகமாகுமே என்று பதில் வருகிறது. அந்தக் கம்பெனியை நடத்துகிற அம்மணியோ (சிகர்னி வீவர்) கேட்டைவிட மூத்தவர். ஒரு சிகிச்சையும் இல்லாமல் தானே கர்ப்பமாகி வந்து நிற்பார். வயிற்றெரிச்சலா, இல்லையா?

சுமக்க வருகிறவள் ஆஞ்சி (ஏமி போலர்). பிலடெல்ஃபியாவின் தெற்குப் பகுதிக்காரி. மென்ற சூயிங்கம்மை டீப்பாய்க்கு அடியில் ஒட்டுவாள். சத்தான சாப்பாடு என்றால் ஓடுவாள். புருஷன் மாதிரி ஒருத்தனோடு சண்டை போட்டுவிட்டுப் பெட்டியோடு கேட் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். வரப்போகிற குழந்தைக்காக வீடு முழுக்கப் பாதுகாப்புப் பூட்டுகள். டாய்லெட் மூடியைத் திறக்கத் தெரியாமல் ஆஞ்சி தவிக்கிற தவிப்பும், கடைசியில் வாஷ்பேசினை உபயோகப்படுத்துவதும்... எங்கள் வீட்டில் சோபாவே குலுங்கியது.

இதற்குள் ஒரு தில்லுமுல்லு. கேட்டின் கருமுட்டையைக் கொண்டு செய்த சிகிச்சை பலிக்கவே இல்லை. பணம் நின்றுவிடுமே என்று ஆஞ்சி வயிற்றில் பஞ்சைக் கட்டிக்கொண்டு திரிகிறாள். ஸ்கேன் எடுக்கப் போனால் நிஜமாகவே குழந்தை! கோர்ட் வரைக்கும் போய், பரிசோதனையில் அது ஆஞ்சியின் சொந்தக் குழந்தை என்று தெரிகிறது. கேட் உடைந்துபோகிறாள். ஆனால் அதே நேரம், பழச்சாறுக் கடைக்காரரோடு ஏற்பட்ட காதலில் அவளும் கர்ப்பம். ஆளுக்கொரு குழந்தை. சுபம்.

படம் முடிந்ததும் எங்கள் வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டாள். “ஏங்க, அது கேட்டோட குழந்தையாவே இருந்து, பெத்ததுக்கப்புறம் ஆஞ்சி தரமாட்டேன்னு சொல்லியிருந்தா?”

சிரிப்பு நின்றுவிட்டது.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதல் வருஷமே மண்டையில் ஏற்றுகிற விஷயம், ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியாக வேண்டும் என்பது. ‘பேபி மாமா’வின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேருக்குமே வரவுதான். பற்று யார் கணக்கில்? ஒன்பது மாதம் சுமந்த குழந்தையைக் கை மாற்றிக் கொடுக்கிற அந்த ஒரு நிமிஷம்தான் வாடகைத் தாய் ஏற்பாட்டின் மொத்த விஷயமும். திரைக்கதை சாமர்த்தியமாக அந்த நிமிஷத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

நிஜத்தில் குதிக்க முடியாது. கேட் வசிக்கிற பிலடெல்ஃபியாவிலிருந்து ஓர் ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்ஸி. 1986-ல் அங்கே ஒரு பெண், பத்தாயிரம் டாலர் ஒப்பந்தத்தில், வேறொரு தம்பதிக்காகக் குழந்தை பெற்றாள். கருமுட்டையும் அவளுடையதே. பிறந்த பிறகு மனசு கேட்கவில்லை. பணமே வேண்டாம், குழந்தையைக் கொடுங்கள் என்று நின்றாள். ‘பேபி எம்’ வழக்கு என்று உலகமே பேசியது. கீழ்க் கோர்ட் 1987-ல் ஒப்பந்தம் செல்லும் என்றது. 1988-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனாலும் குழந்தை வளர்ந்தது அப்பாவிடம். பெற்றவளுக்குப் போய்ப் பார்த்து வரும் உரிமை மட்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது நம்ம நாட்டுக் கணக்கு. ‘பேபி மாமா’ ஏப்ரலில் வெளியானது. அதே 2008-ல் ஜூலை மாதம், குஜராத்தின் ஆனந்த் ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஜப்பானியத் தம்பதிக்காக ஒரு வாடகைத் தாய் சுமந்த குழந்தை. பிறப்பதற்குள் அந்தத் தம்பதி விவாகரத்து வாங்கிவிட்டார்கள். ஏற்பாடு செய்த அம்மா எனக்கு வேண்டாம் என்றுவிட்டார். சுமந்தவளின் பொறுப்பு பிரசவத்தோடு முடிந்தது. கருமுட்டை தந்தவர் யாரோ ஒரு பெண். எண்ணிப் பார்த்தால் மூன்று அம்மாக்கள். கையில் ஏந்த ஒருவர் இல்லை! அப்பா தயாராக இருந்தும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று சிக்கல். ஜப்பானிலிருந்து பாட்டி வந்து குழந்தையோடு உட்கார்ந்தார். ‘பேபி மாஞ்சி’ வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த வருஷக் கடைசியில்தான் குழந்தை ஊர் போய்ச் சேர்ந்தது.

அப்போது இங்கே இதற்கென்று சட்டமே கிடையாது. 2015-ல் வெளிநாட்டவருக்குக் கதவு சாத்தப்பட்டது. பிறகு 2021-ல் சட்டம் வந்து, 2022 ஜனவரியில் அமலானது. அந்தச் சட்டப்படி பார்த்தால் ‘பேபி மாமா’ இந்தியாவில் முதல் ரீலிலேயே முடிந்துவிடும். தனியாக இருக்கும் பெண் என்றால் விதவையாகவோ விவாகரத்து ஆனவராகவோ இருக்க வேண்டும். கேட் அவுட். சுமப்பவள் கல்யாணமாகி, ஏற்கெனவே சொந்தக் குழந்தை பெற்றவளாக இருக்க வேண்டும். ஆஞ்சியும் அவுட்!

முக்கியமான ஷரத்து, சுமப்பவளுக்குக் கூலி கூடாது. மருத்துவச் செலவும் இன்ஷூரன்ஸும் மட்டும்தான். ஏழைப் பெண்களின் கர்ப்பப்பை சந்தைக்கு வந்துவிடக் கூடாது என்ற நியாயமான பயம். புரிகிறது. ஆனால் எனக்குள் இருக்கிற பி.காம். சும்மா இருக்க மாட்டேன் என்கிறான். டாக்டருக்கு ஃபீஸ் உண்டு. லேபுக்கு பில் உண்டு. வக்கீலுக்கு, ஆஸ்பத்திரி அறைக்கு, எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. வாந்தியெடுத்து, கால் வீங்கி, புரண்டு படுக்க முடியாமல் கிடந்தவள் பெயருக்கு நேரே மட்டும் ‘அன்பு’ என்று எழுதிவிடுகிறோம். வாடகையே கூடாது என்று சட்டம் போட்ட பிறகும் ‘வாடகைத் தாய்’ என்றுதான் கூப்பிடுகிறோம் பாருங்கள்.

காசு கொடுத்தால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. பத்தாயிரம் டாலரால் நியூ ஜெர்ஸியில் ஒன்றும் சரியாகவில்லையே. கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு என்கிற மாதிரி ஒரு பேரேடு இது.

ஆனால், இவ்வளவு குதித்துத் தப்பித்த படம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. கேட்டும் ஆஞ்சியும் ஒரே கூரைக்குக் கீழே சண்டை போடுகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாக இருந்தவள், சூயிங்கம் ஒட்டுகிற, திட்டினால் அழுகிற, பாட்டு போட்டு ஆடுகிற மனுஷியாகிவிடுகிறாள். பல நிஜ ஏற்பாடுகளில், சுமப்பவளும் வாங்கிப் போகிறவர்களும் சில தடவை பார்த்துக்கொண்டதோடு சரி. பிரசவத்துக்குப் பிறகு யார் எங்கேயோ.

படம் கிடைத்தால் பாருங்கள். வயிறு குலுங்கச் சிரிக்கலாம். முடிந்ததும் எங்கள் வீட்டம்மாவின் கேள்வியை உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். ஆண்கள் சட்டம் பேசுவார்கள். பெற்றவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அவர்கள் வாயைத் திறக்கிற வரைக்கும் காத்திருங்கள்.