கண்ணாடியில் எழுதிய மக்கள்

ஓர் ஊரின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது நம் வழக்கம். ஸ்காட்லாந்தின் வடபகுதி மலைநாட்டில், ஆர்ட்கே என்னும் சிற்றூருக்கு மேற்கே ஏறத்தாழ 10 மைல் தொலைவிலுள்ள குரோயிக்கில், அது தேவாலயச் சன்னற் கண்ணாடியில் கீறப்பட்டிருக்கிறது.

மலைநாட்டில் ஆலயங்கள் போதாவெனக் கருதிய பிரித்தானிய நாடாளுமன்றம், 1823ஆம் ஆண்டில் 50,000 பவுன் ஒதுக்கியது. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் மேற்பார்வையில் முப்பதுக்கு மேற்பட்ட ஆலயங்கள் எழுந்தன. ஆலயத்துக்கும் போதகர் இல்லத்துக்கும் சேர்த்து 1,500 பவுனுக்கு மேற்படலாகாது என்பது விதி. 1827இல் கட்டிய குரோயிக் ஆலயமும் அலங்காரமற்ற எளிய கற்கட்டடமே.

ஆலயம் நின்றது, மக்களுக்கு நிலம் நிலைக்கவில்லை. ஆட்டுப் பண்ணைக்காகக் குடியானவர்களை வெளியேற்றிய காலம் அது. 1845 மே மாதத்தில், அருகிலிருந்த கிளென்கால்விப் பள்ளத்தாக்கின் 18 குடும்பங்கள் வீடிழந்தன. போக்கிடமற்றோர் ஆலயத்துக்குள் புகாமல், வெளியே கல்லறைகளின் நடுவே, கம்பு நட்டுத் தார்ப்பாயும் கம்பளியும் கட்டித் தங்கினர். கைக்குழந்தைகளும் அவர்களுள் இருந்தன. லண்டன் 'டைம்ஸ்' நாளேடும் அவர்தம் அவலத்தை எழுதியது. அந்நாளில்தான் சன்னலின் வெளிப்புறத்தில், தாங்கள் இம்முற்றத்தில் இருந்த செய்தியை நாளிட்டுக் கீறினர். ஒரு வரி அவர்களையே தீய தலைமுறை என்கிறது. வீட்டைப் பறிகொடுத்தவர்களே பாவிகள் என்று அவர்களை நம்பவைத்தது யார்?

ஆசிரியர்களாகிய நாம் கருத வேண்டியது இன்னொன்றும் உண்டு. அம்மக்கள் பேசியதும் தொழுததும் கெய்லிக் மொழியில், எழுதியதோ ஆங்கிலத்தில். பள்ளிகள் அவர்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தையே கற்பித்திருந்தன. துயரம் தாய்மொழியில் இருந்தது. கைக்கு அந்த எழுத்து இல்லை.

உறுப்பினரும் போதகரும் குறைய, செலவு மிக, எக்கட்டடங்களை வைத்துக்கொள்வது, எவற்றைக் கைவிடுவது என வட்டாரந்தோறும் திட்டம் வகுக்குமாறு ஸ்காட்லாந்துத் திருச்சபை 2021இல் சட்டமியற்றியது. அதன்பின் பல ஆலயங்கள் விற்பனைக்கு வந்துள்ளன. தலைகளை எண்ணி ஒரு நிறுவனத்தின் வாழ்வை முடிவு செய்யும் முறையைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனாகிய நானும் அறிவேன். குரோயிக்கில் அக்கணக்கு எனக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அங்கே சபையார் குறைந்தது பக்தி குன்றியதால் மட்டுமா?

கண்ணாடியைக் கழற்றி அருங்காட்சியகத்தில் வைக்கலாமே என்பார் உளர். எழுத்து சுட்டும் முற்றத்தைக் கழற்ற இயலாது. குரோமார்ட்டி ஊரின் கிழக்கு ஆலயத்தை 1998இல் ஓர் அறக்கட்டளை ஏற்றுப் பின்னர்ப் புதுப்பித்தது. ஆனால் அங்கே ஆலயத்தைச் சுற்றி ஊர் இருக்கிறது. குரோயிக்கைச் சுற்றிலும் ஆளரவமற்ற மலைச்சரிவே மிகுதி.