சாரதா வரும் நேரம்

எங்கள் வளவில் பொழுது அடைந்ததும் முதலில் எழும்புவது பசை வாசம்தான். டெய்லர் மதினி வீட்டு முற்றத்தில் விறகடுப்பு மூட்டி, மைதா மாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டுக் கிண்டுவார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வாசத்தைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீஸில் பகலெல்லாம் வேலை பார்த்தது போதாதென்று பெண்கள் ராத்திரிக்கும் வீட்டுக்கு வேலை கொண்டுவருவார்கள். சிலருக்குப் பெட்டி ஒட்டும் வேலை. எங்கள் ஆச்சிக்குக் கட்டை அடுக்கும் வேலை. கட்டை என்றால் வரிசையாகக் காடி வெட்டிய ஒல்லியான மரச்சட்டம். காடிக்கு ஒரு குச்சி வைக்க வேண்டும். ஒரு சட்டம் நிறைந்ததும் அதன்மேல் அடுத்ததை வைத்து, அடுக்கு முழுதானதும் முடுக்கி, குச்சி முனையெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும்படி தட்டிவிட வேண்டும். அப்போதுதான் மறுநாள் ஆபீஸில் மருந்தில் முக்கும்போது ஒரு குச்சிக்குத் தலை பெருத்தும் ஒரு குச்சிக்குத் தலையே இல்லாமலும் போகாது. ஆச்சி இதை விரல் நுனியாலேயே செய்வாள், கண்ணே வேண்டாம். அந்தக் கண்ணைத்தான் திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரியில் அரை மணி நேரம் நடிகை ராதிகாவுக்குக் கொடுத்திருந்தாள்.

வளவுக்கு ஒரே டி.வி., பெரியம்மை வீட்டில். மரப்பெட்டிக்குள் இருக்கும், இழுத்துச் சாத்த மரக்கதவு உண்டு. பெரியம்மை அந்தக் கதவைத் திறக்கும் சத்தத்துக்கே நாங்கள் சோற்றுத் தட்டோடு எழுந்து ஓடுவோம். முன்னால் பிள்ளைகள், நடுவில் கட்டையும் குச்சி மூட்டையுமாகப் பெண்கள், நடைவாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, சும்மா அந்த வழியாக வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று ஆம்பிளைகள். கையிலிருந்த ரசத்து வாசமும் மதினியின் பசை வாசமும் யாரோ கொறித்துக்கொண்டிருக்கும் காராச்சேவின் மிளகு வாசமும் ஒன்றாய்ச் சேரும். அந்த நேரம் பார்த்து, தினா இசையமைத்து நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய ‘சித்தி’ தொடரின் முகப்புப் பாட்டு கிளம்பும். அது கோயிலில் கேட்கிற குரல் என்று ஆச்சி சொல்வாள். பாட்டு முடியும் வரை பேச்சு ஓடும். முடிந்ததும் குச்சி காடியில் விழுகிற சத்தம் மட்டும்தான்.

1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பர் வரை வந்த தொடர் அது. இயக்கியவர் சி.ஜெ. பாஸ்கர். எனக்கு அப்போது இந்த விவரமெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது ராதிகா நடித்த சாரதா மட்டும்தான். மூத்தாள் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிறவள், எவ்வளவு இடி விழுந்தாலும் மறுநாள் காலையில் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறவள். புருஷனாகச் சிவகுமார். கெடுதல் செய்ய யுவராணி. யுவராணி கண்ணை உருட்டினால் பெரியம்மை திரையைப் பார்த்தே வைவாள். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், அஞ்சலட்டை ஒன்று வாங்கி, “சாரதா சித்திக்கு வணக்கம். அந்த அக்காவை வீட்டுக்குள்ள விடாதீங்க. நீங்க இல்லாத நேரத்துல என்ன பேசுதான்னு எங்களுக்குத் தெரியும்” என்று எழுதினேன். விலாசத்தில் ‘சாரதா, சென்னை’ என்று போட்டு, பள்ளிக்கூடம் போகிற வழியில் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அன்று முழுக்க ஒரு பெரிய பொறுப்பை நிறைவேற்றிய நிம்மதியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் ராதிகா எனக்கு முன்னமே எல்லோருக்கும் வேண்டப்பட்டவர். தாத்தாவுக்கு அவர் நடிகர் எம்.ஆர். ராதாவின் மகள். தாத்தா டி.வி. பக்கமே வரமாட்டார். திண்ணையில் பீடியும் சுருட்டிய துண்டுமாகச் சாய்ந்திருப்பார். வயசுக் காலத்தில் சாத்தூரில் கொட்டகை போட்டு ‘ரத்தக்கண்ணீர்’ நாடகம் நடந்தபோது, மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தவர். படமாக வந்தது 1954-ல். ஆனாலும் நாடகம்தான் நாடகம், படம் அதற்குக் கால்தூசி என்று அடித்துச் சொல்வார். அதில் ராதா நடித்த மோகனசுந்தரம் நோய் முற்றிக் குச்சி ஊன்றி வருகிற இடத்தை, திண்ணையைவிட்டு இறங்கி, முதுகை வளைத்து, அந்தக் கரகரத்த குரலில் எங்களுக்கு நடித்துக் காட்டுவார். காட்டிவிட்டு இருமுவார். உள்ளே சாரதா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் யாரையாவது நிற்கவைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினால் போதும், திண்ணையிலிருந்து சத்தம் வரும்: “அந்தா, ராதா பேசுதாரு பாரு!”

அம்மாவுக்கு அவர் பாஞ்சாலி. 1978-ல் ‘கிழக்கே போகும் ரயில்’ வந்தபோது அம்மா தாவணி போட்ட புதுசு. சேக்காளிகளோடு டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அந்தப் படத்தில் ஊரைவிட்டுப் போன சுதாகர், பாஞ்சாலி படிப்பாள் என்று ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதி அனுப்புவார். எங்கள் ஊர் வழியாகத்தான் மதுரை – திருநெல்வேலி ரயில் போகும். படம் பார்த்த பிறகு அம்மாவும் சேக்காளிகளும் கொஞ்ச நாளைக்கு, கொத்தமல்லிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாலும், ரயில் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து கடைசிப் பெட்டி கடந்து போகிற வரை பார்ப்பார்களாம். “ஒண்ணும் எழுதியிருக்காது, தெரியும். ஆனாலும் பாக்காம இருக்க முடியாது” என்பாள் அம்மா. சொல்லும்போதே முகம் ஒரு பத்து வயசு இறங்கிவிடும். அந்தப் பாஞ்சாலிக்கு அன்றைக்குப் பதின்ம வயது. இலங்கையிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த பிள்ளை. இயக்குநர் பாரதிராஜா கையில் சிக்கி, தாவணியும் ஒற்றைச் சடையுமாக வயல் வரப்பில் வந்து நின்றிருக்கிறது. மகள் நடித்த முதல் படம் வந்த அடுத்த வருஷமே ராதா காலமாகிவிட்டார்.

பெரியம்மை கணக்கு வேறே. அவள் ‘கேளடி கண்மணி’க்கும் ‘கிழக்குச் சீமையிலே’வுக்கும் அழுதவள். 1990-ல் வந்த ‘கேளடி கண்மணி’யில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பெண்டாட்டியை இழந்தவர், ராதிகா டீச்சர். அவர்கள் கல்யாணத்துக்கு அந்த வீட்டுச் சின்னப்பிள்ளையே குறுக்கே நிற்கும். “அன்னைக்கு அந்தப் புள்ள இவள வேண்டாம்னுச்சு. இப்ப பாரு, இன்னொரு புள்ளைக்குச் சித்தியா வந்து நிக்கா” என்று பெரியம்மை இரண்டு கதையையும் முடிச்சுப் போட்டுச் சொல்வாள். ‘கிழக்குச் சீமையிலே’ விருமாயியைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முந்தானை கண்ணுக்குப் போய்விடும். விஜயகுமாரும் ராதிகாவும் அண்ணன் தங்கச்சியாக வருகிற படம் அது. பெரியம்மைக்கும் ஓர் அண்ணன் உண்டு, போக்குவரத்து இல்லை. அதை அவள் வாயால் சொன்னதில்லை. விருமாயியைப் பற்றித்தான் சொல்வாள்.

இப்படி மூன்று பேருக்கும் மூன்று பெண்ணாக இருந்தவர், எங்களுக்காக நாலாவதாக ஒருத்தியாகவும் வந்தார். சினிமாவில் ஆண்களுக்கு அறுபது வயது வரை கதாநாயகன் இடம் காலியாகவே இருக்கும். பெண்ணுக்கு முப்பத்தைந்து தாண்டினால் அக்கா, அண்ணி, அம்மா. அந்த வயதில்தான் ராதிகா சின்னத்திரையில் ‘சித்தி’யாக வந்தார். வந்ததும் கூப்பிட்ட இடத்தில் நடித்துவிட்டுப் போகிறவராக வரவில்லை. ராடான் என்று சொந்த நிறுவனம் வைத்து, தன் தொடரைத் தானே தயாரித்தார். அதற்கும் முன்னாலேயே, 1985-ல், ‘மீண்டும் ஒரு காதல் கதை’யைத் தயாரித்து நடித்து, அதை இயக்கிய பிரதாப் போத்தனுக்கு முதல் பட இயக்குநருக்கான தேசிய விருது கிடைக்கக் காரணமாக இருந்தவர். ‘சித்தி’ தெலுங்கில் ‘பின்னி’யாகப் போய் அங்கேயும் வீட்டுக்கு வீடு உட்கார்ந்தது. எல்லோரும் அவர் கண்ணீரைத்தான் பேசுகிறார்கள். எனக்கு என்னவோ அந்தக் கண்ணீருக்கு முந்திய கணம்தான் பெரிது. தாடை இறுகும். பேச்சு வேகமெடுக்கும், ஒரு சொல் அடுத்த சொல்லின் காலை மிதித்துக்கொண்டு வரும். பிறகு சட்டென்று நிறுத்தி, எதிரில் இருப்பவரை ஒரு பார்வை. அந்தப் பார்வையில் எங்கள் வளவில் கட்டை அடுக்குகிற கைகள்கூட நின்றிருக்கின்றன. ஆச்சியின் கை நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு குச்சி, காடிக்கு ஓர் அங்குலம் மேலே.

வளர்ந்து பட்டணத்துக்கு வந்து, தொடர்களில் வேலை பார்ப்பவர்கள் சிலரோடு பழகிய பிறகுதான் அந்தப் பிழைப்பின் நெளிவுசுளிவு விளங்கியது. வாரத்துக்கு ஐந்து எபிசோட் போக வேண்டும் என்றால் ஷூட்டிங் நிற்கவே கூடாது. காலையில் போய் மேக்கப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அன்றைய வசனத்தாள் வரும். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் வசனத்தை எடுத்துக்கொடுக்க, அதைக் காதில் வாங்கிய மறு நொடியே தன் நெஞ்சிலிருந்து வருகிற மாதிரி சொல்ல வேண்டும். ஒரே நாளில் சாவு வீட்டு சீனும் வளைகாப்பு சீனும் வரும். சேலையை மாற்றுகிற நேரம்தான் இடைவெளி. காய்ச்சல், தலைவலி, சொந்த வீட்டு விசேஷம் எதற்கும் ஒளிபரப்பு காத்திருக்காது. நடிப்பவரே தயாரிப்பாளராகவும் இருந்தால், கண்ணீர் விட்டு எழுந்ததும் லைட்மேன் பேட்டாவிலிருந்து டி.ஆர்.பி. வரை அவர்தான் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ‘சித்தி’ முடிந்து ‘அண்ணாமலை’, பிறகு ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, 2013 முதல் 2018 வரை ‘வாணி ராணி’. ஏறக்குறைய இருபது வருஷம் நாள் தவறாமல் வேலைக்குப் போன ஒரு பெண். ஆச்சி இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. “பாவம், நேத்தும் வந்தா, இன்னைக்கும் வந்துட்டா. அவளுக்கும் கை ஓயலை” என்று ஒருநாள் கட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னாள். அந்த வயதில் எனக்கு அது கதையில் வரும் சாரதாவைப் பற்றிய பேச்சாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு என் காலண்டரே அந்தத் தொடர்கள்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை ‘அண்ணாமலை’ காலத்தில். அம்மா சத்தத்தைக் குறைத்துவைத்து, காதை டி.வி.யோடு ஒட்டிக்கொண்டு பார்ப்பாள். ‘அரசி’ ஓடும்போது நான் ஹாஸ்டலில். அங்கே மெஸ் ஹாலில் தட்டு கழுவுகிற அக்காமாரும் நாங்களும் ஒன்றாய் நின்று பார்ப்போம். அதில் அவர் போலீஸ் அதிகாரி. மகளிர் குழுக் கூட்டத்தில் பேசவே கூச்சப்படுகிற எங்கள் அம்மா, அந்த நாட்களில் பாங்கில் கடன் விஷயமாக நிமிர்ந்து நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தாளாம். டெய்லர் மதினி போனில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். வாணி ஒருத்தி, ராணி ஒருத்தி என்று இரட்டைப் பிறவிகளாக அவரே வந்தபோது, கோர்ட்டுக்குப் போகிற வாணியையும் குடும்பம் பார்க்கிற ராணியையும் வைத்து வளவில் இரண்டு கட்சி உண்டானது. அம்மா வாணி கட்சி.

2020 ஜனவரியில் ‘சித்தி’யின் இரண்டாம் பாகம் தொடங்கியபோது வளவு கலைந்திருந்தது. பெரியம்மை மகனோடு ஓசூரில். ஆச்சியும் தாத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸில் பாதி வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கட்டை அடுக்க வீட்டுக்குக் குச்சி வருவதில்லை. அம்மா தன் வீட்டில் தனியாக, சுவரில் மாட்டிய தட்டை டி.வி.யில் பார்த்தாள். முதல் நாள் எனக்குப் போன் போட்டு, “தலை கொஞ்சம் நரைச்சிருக்கு போல, சாயம் போட்டிருக்கா. ஆனா குரல் அப்படியே இருக்கு, ஏட்டி” என்றாள். கொரோனாவில் ஷூட்டிங் நின்று, மறுபடி தொடங்கி, 2021-ல் ராதிகா அரசியல் வேலை என்று தொடரைவிட்டு விலகினார். கதை அவர் இல்லாமலும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அன்றோடு நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

“அவளே இல்லங்கும்போது நான் யாருக்காகப் பாக்க? அந்த அரை மணி நேரத்துல நாளைக்கு தோசைக்கு ஆட்டிருவேன்” என்றவள், போனை வைக்கப் போகிறவள் மாதிரி இருந்துவிட்டு, “அடுத்து எதுலயாவது வாராளான்னு உன் போன்ல பாத்துச் சொல்லு” என்றாள்.