கூட்டுக்குள் வேற்று முட்டை

வீட்டு ரௌட்டரின் பதிவேட்டை முதன்முதலாகத் திறந்து பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். நேரம், முன்பின் தெரியாத ஓர் எண் முகவரி, பக்கத்தில் 'தடுக்கப்பட்டது'. அடுத்த வரியும் அப்படியே. யாரோ நம் வீட்டைக் குறிவைத்துவிட்டார்கள் என்றே தோன்றும்.

குறி ஒன்றும் இல்லை. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தாம். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்காக எழுதப்பட்ட இசட்மேப் என்ற மென்பொருள், வேகமான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் அத்தனை எண்களையும் ஒரு தட்டுத் தட்டிவிடும். தெருவோடு போகிறவன் ஒவ்வொரு கேட்டின் கொண்டியையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே போகிற மாதிரிதான். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

ஒவ்வொரு முகவரியிலும் போர்ட் எனப்படும் எண்ணிட்ட வாசல்கள் உண்டு; அப்படித் தட்டப்படுபவற்றில் அடிக்கடி கண்ணில் படுவது 23. டெல்நெட் என்ற பழங்காலத்து வாசல் அது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் அந்த வாசல் வழியாகத்தான் கேமராக்களுக்குள்ளும் ரௌட்டர்களுக்குள்ளும் நுழைந்தது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. அட்மின்–அட்மின், ரூட்–12345 என்று, கருவி தொழிற்சாலையை விட்டு வரும்போதே ஒட்டிக்கொண்டு வருகிறவை.

இதே கதை அதற்கு முப்பது ஆண்டு முன்பே நடந்திருக்கிறது.

1986 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் கணினிப் பிரிவுக்கு மாறி வந்த புதிது. கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் உதைத்தது. வேறொருவராக இருந்தால் கைக்காசைப் போட்டு நேர் செய்திருப்பார். ஸ்டோல் விடவில்லை; தோண்டிப் பார்த்தபோது யாரோ வெளியாள் உள்ளே புகுந்திருப்பது தெரிந்தது. ஒரு வார இறுதியில் சக ஊழியர்களின் மேஜைகளிலிருந்து அச்சுப்பொறிகளையும் டெர்மினல்களையும் கேட்காமலே தூக்கிவந்து, ஆய்வகத்துக்குள் வரும் ஐம்பது இணைப்புகளிலும் மாட்டிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டார். உள்ளே வந்த ஆள் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. ஒருமுறை அந்த ஆள் முக்கியமான கோப்பு ஒன்றைப் பிரதியெடுக்கத் தொடங்கியபோது, இணைப்பைத் துண்டித்தால் உஷாராகிவிடுவான் என்று, ஸ்டோல் தன் சாவிக்கொத்தை எடுத்துக் கம்பிகளின்மேல் உரசினார். எதிர்முனையில் அது வெறும் லைன் கோளாறாகத் தெரிந்தது.

அந்த ஆள் அமெரிக்க ராணுவக் கணினிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். அவன் போட்டுப் பார்த்த சொற்களில் சிஸ்டம்–மேனேஜர், ஃபீல்டு–சர்வீஸ் ஆகியவை உண்டு. இயந்திரத்தை விற்றவர்கள் வைத்துக்கொடுத்த பெயர்கள்; பல இடங்களில் யாரும் மாற்றவே இல்லை. மாதக்கணக்கில் தடம் பிடித்துப் போனால், ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் மார்க்குஸ் ஹெஸ். எடுத்தவை சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்கு விலைபோயின.

ஸ்டோல் 1989இல் எழுதிய புத்தகத்துக்குக் குயில் முட்டை என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். யூனிக்ஸ் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இயக்கும் சின்ன நிரல் ஒன்று உண்டு. ஹெஸ் அதை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தன் நிரலை வைத்தார். கணினி அதைத் தன்னுடையது என்றே நம்பி, முழு அதிகாரத்தோடு பொரித்துக் கொடுத்தது. காக்கைக் கூட்டைத் தெரிந்த தமிழருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பதிவேட்டைப் படிக்க வேண்டிய விதமும் இதிலிருந்துதான் பிடிபடுகிறது. 23ஐத் தட்டும் முகவரிக்குப் பின்னால் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. எங்கோ ஒரு கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டிய கேமராவாக இருக்கலாம்; கடைக்காரருக்கே அது தெரியாது. ஆகவே உள்ளே வர முயன்று தடுக்கப்பட்ட வரிகளைவிட, வெளியே போகும் வரிகளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 192.168 என்று தொடங்கும் நம் வீட்டு முகவரி ஒன்று நடுராத்திரியில் ஊர்பேர் தெரியாத எண்களின் 23ஐத் தட்டிக்கொண்டிருந்தால், முட்டை நம் கூட்டில் இருக்கிறது. மிராய் நினைவகத்தில் மட்டும் வாழ்வது; கேமராவின் பிளக்கைப் பிடுங்கினால் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாமல் திரும்பச் செருகினால், காபி ஆறுவதற்குள் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.