பாமினிக் கோப்புகளும் ஒரு சின்ன ஸ்கிரிப்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய எண்ணெயாலா, டாக்டர் தந்த மாத்திரையாலா என்று அவவுக்கே தெரியாது.

போன கிழமை கதைத்தபோது, பள்ளிக்கூட மலருக்காகப் பாமினியில் உள்ள பழைய வேர்ட் கோப்புகளை ஆள் வைத்து ஒருங்குறியில் (யூனிகோட்) திரும்ப அடிப்பிக்கப் போவதாகச் சொன்னாய். வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல தாள் வாங்கு. திரும்ப அடித்தால் பழைய பிழைகளோடு புதுப் பிழைகளும் சேரும், வேறொன்றும் நடக்காது. லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரில் ஒரு சின்னப் பைதன் ஸ்கிரிப்ட் இந்த வேலையைச் செய்யும். அதைத் தனிக் கோப்பாக மின்னஞ்சலில் இணைத்திருக்கிறேன். கடிதத்துக்குள் எழுதினால் வரி தொடக்கத்து இடைவெளிகள் குலைந்துவிடும், பைதனுக்கு அந்த இடைவெளிதான் இலக்கணம்.

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் வரைந்து வைத்த எழுத்துரு. திரையில் நீ ‘தமிழ்’ என்று வாசிக்கிற இடத்தில் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும். தேடினாலும் எந்தப் பெயரும் அகப்படாது. இதை ஒருங்குறிக்கு மாற்ற இணையத்தில் ஒட்டி எடுக்கும் பக்கங்கள் நிறைய உண்டு. இரண்டு பந்தி மாற்ற அவை போதும். உன் மலரிலோ அட்டவணை இருக்கிறது, தடித்த எழுத்து இருக்கிறது, நடுநடுவே ஆங்கிலப் பெயர்களும் பட்டங்களும் இருக்கின்றன. ஒட்டி எடுத்தால் அட்டவணை குலையும், உங்கள் அதிபரின் பி.ஏ. பட்டமும் ஏதோ தமிழ் எழுத்தாகிவிடும்.

முதலில் ஸ்கிரிப்டை வைக்கும் இடம். லிப்ரே ஒஃபிஸ் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தனிக் கோப்புறை வைத்திருக்கும். விண்டோஸில் அது ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் இருக்கிறது. ரோமிங், லிப்ரே ஒஃபிஸ், 4, யூசர் என்று வரிசையாக உள்ளே போ. நீ 24 ஆம் பதிப்பு வைத்திருந்தாலும் அங்கே 4 என்றுதான் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்பாதே. யூசருக்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்று ஒரு கோப்புறையும், அதற்குள் பைதன் என்று இன்னொன்றும் வேண்டும். இல்லாவிட்டால் நீயே உண்டாக்கு. முதலாவதன் முதல் எழுத்து மட்டும் பெரியது, இரண்டாவது முழுக்கச் சிறிய எழுத்து. விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது. பள்ளிக்கூடத்து உபுண்டு கணினியில் ஓர் எழுத்து மாறினாலும் ஸ்கிரிப்ட் கண்ணில் படாது. உபுண்டுவில் பைதன் ஸ்கிரிப்டுகளை இயக்கும் பகுதி தனிப் பொதியாக வருகிறது, அதையும் நிறுவியிருக்கிறார்களா என்று பார். நோட்பாடில் திறந்து எதையாவது மாற்றிச் சேமித்தால், கோப்பின் பெயருக்குப் பின்னால் இன்னொரு வால் ஒட்டிக்கொண்டதா என்றும் கவனி. விண்டோஸ் அந்த வாலை மறைத்தே காட்டும்.

பிறகு ரைட்டரில் கோப்பைத் திற. டூல்ஸ், மக்ரோஸ், ரன் மக்ரோ என்று போனால் ‘மை மக்ரோஸ்’ என்பதன் கீழ் ஸ்கிரிப்டின் பெயர் தெரியும். அதற்குள் இருக்கும் ஒரே செயற்கூறைத் தெரிவுசெய்து ரன் கொடு. அடிக்கடி வேண்டுமென்றால் கஸ்டமைஸ் பகுதியில் ஒரு விசைக்கு அதைக் கட்டிவிடலாம். செய்வதைப் பார்த்துப் பதிந்துகொள்ளும் மக்ரோ ரெக்கோடரும் லிப்ரே ஒஃபிஸில் உண்டு. நீ அழுத்திய மெனுக்களை வரிசையாக எழுதி வைக்கும், அவ்வளவுதான். ‘இந்த எழுத்துரு என்றால் மட்டும்’ என்று யோசிக்க அதற்குத் தெரியாது. அதில் நேரத்தைச் செலவழிக்காதே.

எனக்குப் பெரிய விஷயம் பாதுகாப்பு. உன் பயனர் கோப்புறையில் நீயே வைத்த ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு மக்ரோ பாதுகாப்பு மட்டத்தைத் தொடவே தேவையில்லை. அது தொடக்கத்தில் ‘ஹை’ என்று இருக்கும், அப்படியே இருக்கட்டும். ‘லோ’ என்று மாற்றினால் எல்லாம் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். எல்லாம் ஓடும்தான், வேறு யாரோ அனுப்பிய கோப்புக்குள் ஒளிந்திருப்பதும் கேளாமலே ஓடும். 1999 மார்ச்சில் பரவிய மெலிசா வைரஸ் ஒரு வேர்ட் கோப்புக்குள் இருந்த மக்ரோதான். கோப்பைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிவைத்தது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மக்ரோக்களை மைக்ரோசொஃப்ட் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது 2022 இல்தான். நான் அனுப்பியதைக்கூட முதலில் ஒருதரம் வாசித்துப் பார். அக்கா அனுப்பியது என்பதற்காக ஒன்றை இயக்காதே.

வாசிக்கும்போது சில இடங்கள் உனக்குப் புதிராக இருக்கும். ஸ்கிரிப்ட் கோப்பை ஒரே மூச்சில் மாற்றுவதில்லை. பந்தி பந்தியாகப் போகிறது, பந்திக்குள்ளும் ஒரே எழுத்துருவில் உள்ள துண்டு துண்டாக எடுக்கிறது. எழுத்துருவின் பெயர் பாமினி என்றால்தான் கை வைக்கும். அதனால் ஆங்கிலம் தப்பும். அட்டவணை பந்திக் கணக்கில் வராது, அதைத் தனியாகப் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க வேண்டும். உன் நன்கொடையாளர் பட்டியல் முழுக்க அட்டவணையில்தானே இருக்கிறது.

எழுத்து மாற்றும் இடம்தான் எனக்குப் பிடித்த பகுதி. பாமினியில் தட்டச்சுப் பொறியில் அடிப்பதுபோல ஒற்றைக் கொம்பு முதலில், பிறகு எழுத்து. ஒருங்குறியிலோ எழுத்து முதலில், கொம்பு பிறகு. ‘கொ’ என்றால் பாமினியில் மூன்று விசைகள், ஒருங்குறியில் ‘க’வும் அதன் பின் ஒரே குறியும். ஆகவே நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டுத்தான் தனி எழுத்துகளுக்கு வரவேண்டும். வரிசையைப் புரட்டினால் கொம்புகள் அநாதையாக நிற்கும்.

இதில் ஒரு பொல்லாத சிக்கல் உண்டு. பாமினியில் ‘ஔ’காரக் குறியின் பின்பாதியும் ‘ள’ எழுத்தும் ஒரே விசை. ‘கௌரவம்’ என்று மாற்ற ஸ்கிரிப்டுக்குச் சொல்லிக் கொடுத்தால் ‘வெளியீடு’ என்பதையும் பிடித்து வகரத்தில் ஔகாரம் போட்டுவிடும். இணையத்தில் எத்தனையோ செய்திகளில் இந்த விகாரத்தைப் பார்த்திருப்பாய், எல்லாம் அவசரத்தில் எழுதிய மாற்றிகளின் வேலை. ‘ள’வுக்குப் பின்னால் புள்ளியோ விசிறியோ வந்தால் அது எழுத்து, ஒன்றும் வராவிட்டால் ஔகாரம் என்று விதி வைத்திருக்கிறேன். வெள்ளி, தெளிவு, பௌர்ணமி எல்லாம் சரியாக வருகின்றன. ஆட்பெயர்களை மட்டும் நீ கண்ணால் பார்க்க வேண்டும்.

மாற்றியபின் எழுத்துகள் திடீரென்று சிறுத்தோ பெருத்தோ தெரிந்தால் பயப்படாதே. ரைட்டர் தமிழைச் சிக்கலான எழுத்தமைப்புள்ள மொழிகளோடு சேர்த்திருக்கிறது. அவற்றுக்கு எழுத்துரு, அளவு, தடிப்பு எல்லாமே ஆங்கிலத்துக்கு வேறான கணக்கு. ஸ்கிரிப்ட் பழைய அளவையும் தடிப்பையும் அந்தக் கணக்குக்கு நகலெடுக்கிறது. தலைப்புகளில் ஏதாவது விடுபட்டிருந்தால், ஒப்ஷன்ஸில் மொழிப் பகுதியில் அந்த அமைப்பை இயக்கிவிட்டு நீயே திருத்தலாம்.

மூலக் கோப்புகள் இருக்கும் கோப்புறையைத் தொடாதே. எல்லாவற்றையும் வேறொரு கோப்புறைக்குப் பிரதி எடுத்து, ரைட்டரின் ஓடிரி (ODT) வடிவில் சேமித்த பிறகு ஸ்கிரிப்டை ஓடவிடு. முதலில் ஒரேயொரு மலரை மாற்று. பழைய கோப்பைப் பாமினி உள்ள கணினியில் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலைந்து பக்கம் ஒப்பிட்டுப் பார். பிறகு பழையதையும் புதியதையும் எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை அச்சகத்துக்கு ஒன்றும் கொடுக்காதே.

அன்புடன்,
அக்கா