ஆச்சிக்கும் ஒரு பூசை

சங்கரன்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வருவதில்லை, சொந்தபந்தத்திலிருந்து வருகிறது. அப்பா வழியில் ஞானஸ்நானம், அம்மா வழியில் திருநீறு என்று இருக்கிற குடும்பங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆடித்தபசுக்கு விரதம் இருந்து, கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளும் ஆச்சிதான் பேரனுக்குப் புதுநன்மை அன்றைக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு அனுப்புவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு, ஞானஸ்நானம் பெறாதவர்கள் அத்தனை பேரும் நரகத்துக்கே என்று யாரோ ஒருவர் கைப்பேசியில் முழங்குகிறார். அதைக் கேட்டுவிட்டுப் பையன் என்னிடம் வருகிறான். "தாத்தா, எங்க ஆச்சி எங்க போயிருப்பா?"

ஊரில் மறைக்கல்வி நடத்திய கிழவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். "நரகம்தான்" என்றும் சொல்லமாட்டேன். "எல்லாச் சாமியும் ஒண்ணுதாண்டா, போ" என்றும் சொல்லமாட்டேன். இரண்டுமே யோசிக்கச் சோம்பல்பட்டவன் சொல்லும் பதில்.

இதே கேள்வியைப் புனித சவேரியாரிடமும் கேட்டிருக்கிறார்கள். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், 1549-இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே புதிதாக மனந்திரும்பியவர்கள், செத்துப்போன தங்கள் பெற்றோரையும் முன்னோரையும் தர்மத்தாலும் ஜெபத்தாலும் கரையேற்ற முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றார் சவேரியார். அவர்கள் அழுதார்கள். அந்த அழுகையைப் பார்த்துத் தன் மனமும் நொந்ததை 1552-இல் எழுதிய கடிதத்தில் அவர் மறைக்கவில்லை. பதில் கடுமையாக இருந்தாலும் மனிதர் கடுமையானவர் அல்லர். அவர் காலத்துத் திருச்சபை அப்படித்தான் கற்பித்தது. திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் எழுதியிருந்தார். பிறகு புளோரன்ஸ் பொதுச்சங்கம் அதை மிகக் கறாராகவே அறிவித்தது.

ஆனால் அந்த வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்ற வாதம் ஓயவே இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் லெனார்டு ஃபீனி என்ற இயேசு சபைக் குரு, எழுத்துக்கு எழுத்து அப்படியேதான் என்று அடம்பிடித்தார். அது திருச்சபையின் பொருள் அல்ல என்று 1949-இல் ரோமை எழுதியது. அவர் அடங்கவில்லை. வெளியே இருப்பவருக்கு மீட்பே இல்லை என்று அடித்துப் பேசிய அந்த மனிதரே 1953-இல் திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டார். 1972-இல்தான் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

1964 நவம்பர் 21-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய ஏட்டை வெளியிட்டது. தன் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல் இருந்து, உண்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் தூண்டுதலால் மனச்சாட்சிப்படி நடப்பவர் மீட்படைய முடியும் என்றது. "முடியும்" என்றதே தவிர, எல்லாரும் அடைந்தே தீருவார்கள் என்று சொல்லவில்லை. அதே ஏட்டில் இன்னொன்றும் இருக்கிறது, பிள்ளைகள் அதைத்தான் வாசிப்பதில்லை. ஞானஸ்நானம் பெற்றும் அன்பில் நிலைக்காதவனுக்கு மீட்பு இல்லை. ஆச்சியைப் பற்றிய கவலை கொஞ்சம் நம் பக்கமும் திரும்பட்டுமே!

அந்த ஏடு வந்த சில நாட்களிலேயே ஆறாம் பவுல் பம்பாய்க்கு வந்து, பிருகதாரண்யக உபநிடதத்தின் மன்றாட்டைத் தன் பேச்சில் எடுத்துச் சொன்னார். ஆனாலும் வாதம் நின்றுவிடவில்லை. 1948-இல் இந்தியாவுக்கு வந்து முப்பத்தாறு ஆண்டுகள் இருந்த பெல்ஜியத்து இயேசு சபைக் குரு ஜாக் துப்புயி, பிற சமயங்களுக்கும் கடவுளின் திட்டத்தில் இடம் உண்டா என்று ஆராய்ந்து 1997-இல் பெரிய நூல் எழுதினார். அதில் தவறான கருத்துக்கு இடங்கொடுக்கும் மயக்கங்கள் இருப்பதாக 2001-இல் வத்திக்கான் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'தோமினுஸ் இயேசுஸ்' ஏடு, மீட்பர் கிறிஸ்து ஒருவரே என்று உறுதியாகச் சொன்னது. மற்றவர்களுக்கும் கடவுள் தமக்குத் தெரிந்த வழியில் அருளைத் தருகிறார் என்றும் அதே ஏடு சொன்னது. இரண்டையும் விடாமல் பிடித்திருப்பது சிரமம்தான். சிரமமாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைக் கீழே போட்டுவிட முடியாது.

நம் ஊர்த் தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராசர்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சண்டை போட்டுக்கொண்டு அம்பாளிடம் வருகிறார்கள். அவள் தன் வாயால் தீர்ப்புச் சொல்லிவிடாமல் தவத்துக்குப் போகிறாள். அந்தக் கதை நம் மறைக்கல்விக்குள் வராது. வர வேண்டியதும் இல்லை. ஆனால் அவசரத் தீர்ப்புச் சொல்லாத அந்தப் பக்குவம் துஷ்டி வீட்டுக்குப் போகிற கிறிஸ்தவனுக்கு வேண்டும். தாயைப் பறிகொடுத்த சிநேகிதன் வீட்டில் போய் மோட்ச நரகம் பேசுகிறவனை என் முன்னால் கூட்டிவராதீர்கள்.

என்னிடம் வந்த பையனுக்கு நான் சொன்னது இதுதான். யார் நரகத்தில் இருக்கிறார் என்று பெயர் சொல்லித் திருச்சபை இதுவரை ஒருவரைக்கூட அறிவித்ததில்லை. புனிதர்களின் பட்டியல் உண்டு, மறுபக்கத்துக்குப் பட்டியல் கிடையாது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அந்த ஜப்பானியர்கள் அழுது கேட்டும் கிடைக்காதது இன்றைக்கு உனக்குக் கிடைக்கும். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 901-ஆம் சட்டப்படி, உயிரோடிருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம். ஞானஸ்நானம் பெற்றவருக்கு மட்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் பங்குக் கோவிலுக்குப் போங்கள். பூசைக் கருத்து எழுதும் நோட்டில் தாத்தா பெயருக்குக் கீழே ஆச்சியின் பெயரையும், அவளுக்கு வைத்த பெயர் கோமதி என்றால் கோமதி என்றே, எழுதிவிட்டு வாருங்கள்.