பம்பு கெடவில்லை

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் நான் செய்த ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன். தெரியாமல் நடந்த தவறு அல்ல. தெரிந்தே செய்தேன். கேட்டபோது பொய் சொன்னேன். அந்தப் பொய்க்குக் கூலியும் வாங்கினேன்.

வந்தவர் கல்யாண வீடியோ எடிட் செய்யும் இளைஞர். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். ரிச்சி தெருவில் பழைய பார்ட்ஸாகப் பார்த்துப் பார்த்து வாங்கி, தானே சேர்த்த மெஷின் அவருடையது. சிபியுவுக்கு வாட்டர் கூலிங். அந்த ரேடியேட்டரின் ஓரத்தில் கசிவு வந்துவிட்டது. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதமாகப் பார்த்துக் கொண்டுவந்தார். “பட்ஜெட் கம்மிண்ணா, பாத்துப் பண்ணிக் கொடுங்க” என்றார்.

பழைய ரேடியேட்டர் தாமிரமும் பித்தளையும் சேர்ந்தது. சிபியுவின் மேல் உட்காரும் வாட்டர் பிளாக்கும் தாமிரம். நான் வாங்கிப் போட்டது அலுமினிய ரேடியேட்டர். அதே 240 மி.மீ. அளவு, அதே மரை, அதே கறுப்பு பெயின்ட். விலை மட்டும் பாதிக்கும் கீழே.

தாமிரமும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருக்கக் கூடாது. இது தொழில் ரகசியம் இல்லை, பிளஸ் டூ வேதியியலில் இருக்கிறது. மின்வேதி வரிசையில் தாமிரம் +0.34 வோல்ட், அலுமினியம் −1.66 வோல்ட். இரண்டையும் நீர் இணைத்தால் அலுமினியம்தான் கரையும். தண்ணீரில் கலந்த தாமிர அயனிகள் அலுமினியச் சுவரில் போய்ப் படியும். படிந்த இடத்தில் குழி விழும். கரைந்த அலுமினியம் வெள்ளைக் கூழாகிச் சுற்றில் மிதக்கும். காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால் தப்பிக்கலாம் என்பதும் உண்மையில்லை. நாள்பட உலோகத்திலிருந்தே அயனிகள் அதில் சேர்ந்துவிடும்.

இவ்வளவும் எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் சமாதானம் தேடும் மனதுக்கு ஒரு சாக்கு கிடைக்காமல் போகாது. சீல் செய்து வரும் ரெடிமேட் கூலர்கள் பலவற்றில் அலுமினிய ரேடியேட்டரும் தாமிரத் தகடும்தானே இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டேன். அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் கலந்த திரவத்தைக் கம்பெனியிலேயே நிரப்பி மூடி அனுப்புகிறார்கள் என்பதை வசதியாக மறந்தேன். நான் ஊற்றியது மெக்கானிக் கடையில் வாங்கிய பேட்டரி தண்ணீர்.

உண்மையான காரணம் வேறு. குறைந்த செலவில் முடித்துக் கொடுப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதைக் காப்பாற்ற நினைத்தேன். அவர் கையில் இருந்த பணத்துக்கு நேர்மையான பதில் ஒன்று இருந்தது: “தம்பி, வாட்டர் கூலிங்கே வேண்டாம், நல்ல ஏர் கூலர் ஒன்று போட்டுவிடலாம்.” நாலு ஸ்குரூ முடுக்கும் வேலை அது, பெரிய கூலி கிடைக்காது, திறமையைக் காட்டவும் இடமில்லை. அதனால் சொல்லவில்லை.

தை பிறந்து அவருக்கு வேலை குவிந்த நேரத்தில் மெஷின் திரும்ப வந்தது. ரெண்டர் ஆரம்பித்த சில நிமிடங்களில் சிபியு 100 டிகிரியைத் தொடும். தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரவோடு முடிய வேண்டிய வேலை மறுநாள் மதியம்வரை இழுத்தது. வாட்டர் பிளாக்கைக் கழற்றினேன். உள்ளே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் தாமிரத் தகடுகள் வரிசையாக நிற்கும். தண்ணீர் அவற்றின் நடுவே ஓடித்தான் சூட்டை எடுக்க வேண்டும். அந்த இடைவெளி முழுக்க வெள்ளைப் பசை. ஊசி முனையால் கிளறினேன், நீளமாகத் திரண்டு வந்தது. அது எது கரைந்து வந்தது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

“என்ன ஆச்சுண்ணா?” என்று பக்கத்தில் நின்று கேட்டார்.

“பம்பு வீக் ஆயிடுச்சு தம்பி” என்றேன்.

பம்பில் ஒரு குறையும் இல்லை. பிளாக்கைத் தேய்த்துக் கழுவி, புதுப் பம்பு போட்டு, அந்த அலுமினிய ரேடியேட்டரையே திரும்ப மாட்டினேன். அடைப்பு நீங்கியதால் சூடு இறங்கியது. பம்புதான் காரணம் என்று அவர் நம்பினார், பணம் கொடுத்தார். வைகாசியில் ரேடியேட்டர் ஊசித்துளையாக ஓட்டை விழுந்து, தண்ணீர் கிராபிக்ஸ் கார்டின் மேல் சொட்டி, கார்டு போனது. அப்போதும், “வாட்டர் கூலிங்னா இந்த ரிஸ்க் இருக்கத்தான் செய்யும்” என்றேன்.

வாட்டர் கூலிங்கில் எல்லா பாகமும் ஒரே தண்ணீரைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு பாகத்தில் செய்த குறை இன்னொரு பாகத்தில் நோயாக வெளிப்படும். ரேடியேட்டர் கரையும், பிளாக் அடைக்கும், பழியை எதன் மீதும் போடலாம். வெளியே நிற்பவருக்குத் தெரிவது சூடு ஏறுகிறது என்பது மட்டும்தான். அதனால்தான் என்னைப் போன்றவன் பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் அந்தப் பொய் இவ்வளவு பெரிய துரோகமும் ஆகிறது.

இதை எழுதும் முன் அவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பம்பின் விலையையும் வாங்கிய கூலியையும் திருப்பிக் கொடுத்தேன். கார்டின் விலையைத் தவணையாகக் கட்டுகிறேன். அவர் திட்டவில்லை. “மொதல்லயே சொல்லியிருந்தா ஏர் கூலர் போட்டிருப்பேனேண்ணா” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கையில் பணம் குறைவாக இருப்பது குற்றமல்ல. சிக்கனத்துக்கு இதில் நிறையவே இடம் உண்டு. பெரும்பாலான பார்ட்ஸ் ஜி 1/4 என்ற ஒரே மரைதான். அதனால் பழைய தாமிர ரேடியேட்டரை வாங்கி நன்றாக அலசிப் போடலாம். சந்தேகம் இருந்தால் கையில் தூக்கிப் பாருங்கள், தாமிரம் அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி. மெல்லிய தகட்டின் ஓரத்தில் பெயின்டைச் சுரண்டினால் செம்பு நிறம் தெரியும். பளபளக்கும் கடினக் குழாய் வேண்டாம், சாதாரண வளையும் குழாய் போதும். கலர் திரவமும் கலர் லைட்டும் வேண்டவே வேண்டாம். ஆனால் உலோகப் பொருத்தத்திலும், மூட்டுகளின் ரப்பர் வளையத்திலும், அரிப்பைத் தடுக்கும் மருந்திலும் கை வைக்காதீர்கள். மாட்டியதும் மற்ற பாகங்களுக்கு கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டி, மூட்டுகளின் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்துக் கசிவு பாருங்கள். இவற்றுக்குப் பணம் போதாவிட்டால் ஏர் கூலர் போடுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

என்னைப் போல் ரிப்பேர் செய்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மலிவான பார்ட் போடுங்கள், தப்பில்லை. அதனால் பின்னால் என்ன வரும் என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் பணம் கொடுப்பவர்தான்.