சபாக் கரை, சூலூர் ஓடுதளம்: சில குறிப்புகள்

கோத்தா பாரு. மலேசியாவின் வடகிழக்கு மூலை. கிளந்தான் மாநிலத்தின் தலைநகர். கொஞ்சம் தள்ளினால் தாய்லாந்து.

போர் அருங்காட்சியகம் அங்கே ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் இருக்கிறது. 1912இல் கட்டியது. மெர்க்கன்டைல் பேங்க் ஆஃப் இந்தியாவின் கிளை.

ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்தபின் அதே கட்டடத்தில் கெம்பெய்த்தாய். ராணுவப் போலீஸ். பணத்தைப் பூட்டி வைக்கக் கட்டிய சுவருக்குள் மனிதர்களை வைத்து விசாரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை போனால் பூட்டியிருக்கும். கிளந்தானில் அன்றுதான் விடுமுறை.

1941 டிசம்பர் 8, திங்கள். நள்ளிரவு தாண்டி முக்கால் மணி நேரம் இருக்கும். சபாக், படாங் என்ற இரண்டு கடற்கரைகள். ஜப்பான் படை படகுகளில் வந்து இறங்கியது.

பெர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழ அப்போது இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. ஹவாயில் அது 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. தேதிக்கோட்டின் வேலை. பள்ளிப் பாடத்தில் ஹவாய்தான் முதலில் வரும்.

மூன்று துருப்புக் கப்பல்கள். அவாஜிசான் மாரு, அயதோசான் மாரு, சகுரா மாரு. ஐயாயிரத்துக்கு மேல் ஆட்கள். தளபதி தகுமி. கடல் அன்றைக்குக் கொந்தளிப்பு. டிசம்பரில் அந்தக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலம். படகு கவிழ்ந்து, முதுகுச் சுமையோடு மூழ்கியவர்கள் உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை தருகிற அதே காற்று.

எதிரே கரையில் காத்திருந்தவர்கள் யார்? எட்டாவது இந்தியக் காலாட்படை பிரிகேட். கான்கிரீட் காவல் அறைகளுக்குள்ளே டோக்ரா படைப்பிரிவின் ஒரு பட்டாலியன். காங்டா, ஜம்மு பக்கத்து மலையடிவார ஆட்கள். விமானத் தளத்துக்குக் காவல் ஹைதராபாத் சமஸ்தானப் படை. நிஜாமின் ஆட்கள், கிளந்தானில். மேலே பறந்து குண்டு போட்டவர்கள் ஆஸ்திரேலியர்கள். அவாஜிசான் மாரு அவர்கள் குண்டில்தான் எரிந்தது.

மலாய் மீனவருக்கு அந்தக் கரை வலை காயப் போடுகிற இடம்.

விமானத் தளம் அன்று சாயங்காலமே கைவிடப்பட்டது. மறுநாள் ஊரும் போயிற்று.

அருங்காட்சியகத்துக்கு உள்ளே பெரும்பாலும் போட்டோக்கள். துருப்பிடித்த துப்பாக்கிகள். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் இரும்பு அப்படித்தான் ஆகும்.

போர் அருங்காட்சியகம் எங்கே பார்த்தாலும் என் கண் துணிக்குத்தான் போகும். தொழில் பழக்கம். டிரில் துணியின் சாய்வரி. தோள் தையலில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல். கழுத்துப் பட்டி வியர்வையில் நைந்திருக்கிறதா. துப்பாக்கி பற்றி அட்டையில் அளவு, எடை, தயாரித்த ஆண்டு எல்லாம் எழுதுவார்கள். சட்டைக்கு 'சீருடை' என்பதோடு சரி. எந்த நூல், எந்த ஊர் மில், யார் தைத்தது? ஒன்றும் இருக்காது.

வைத்திருப்பது எல்லாம் தறித்துணி. பின்னல் துணி உள்ளே போடுவது. பனியனை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில்லை.

1913 வாக்கில் அமெரிக்கக் கடற்படை தன் வீரர்களுக்கு வெள்ளைப் பருத்தியில் வட்டக்கழுத்து உள்பனியன் கொடுக்கத் தொடங்கியது. இரண்டாம் போரில் வெக்கை தாங்காமல் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு அதோடேயே வேலை செய்தார்கள். ஊர் திரும்பியும் விடவில்லை. டி-ஷர்ட் வெளியே போடுகிற உடுப்பானது இப்படி.

திருப்பூரில் பனியன் பின்னத் தொடங்கியது 1925 வாக்கில். அப்போது அது வேட்டி, சட்டைக்கு உள்ளே.

ஜப்பான் அன்றைக்குப் பருத்தித் துணி ஏற்றுமதியில் பெரிய கை. அதற்குப் பஞ்சில் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்து. 1933இல் இங்கே வெள்ளைக்கார அரசு ஜப்பான் துணிக்கு 75 சதவீதம் வரி போட்டது. பதிலுக்கு ஜப்பான் ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்க மறுத்தன. 1934இல் ஒப்பந்தம் போட்டார்கள். இவ்வளவு பஞ்சுக்கு இவ்வளவு துணி என்று.

ஏழே வருஷம். அப்புறம் சபாக் கரை.

ஜப்பான் சிப்பாயின் காலணி. ரப்பர் அடி, மேலே துணி. பெருவிரல் தனியாகப் பிரிந்திருக்கும். அவர்கள் ஊரில் கட்டட வேலைக்காரர்கள் போடுவது அது. ஜிகா-தாபி. சேற்றில் பிடிப்பு நன்றாக இருக்குமாம்.

சைக்கிள். கோத்தா பாருவிலும், எல்லைக்கு அப்பால் சிங்கோராவிலும் இறங்கியவர்கள் சைக்கிளில் தெற்கே போனார்கள். வழியில் ஊர்க்காரர்களுடையதையும் பிடுங்கிக்கொண்டார்கள். வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். தார் ரோட்டில் இரும்பு உரசுகிற சத்தம். ராத்திரியில் அதைக் கேட்டு டாங்கி வருகிறதென்று எதிரில் இருந்தவர்கள் பின்வாங்கிய கதை உண்டு.

1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்தது. கையெழுத்துப் போட்டது புக்கிட் தீமாவில் ஃபோர்டு கார் கம்பெனிக் கட்டடத்தில். அதுவும் இன்று அருங்காட்சியகம். 2017இல் புதுப்பித்தபோது ஜப்பான்காரர் வைத்த நகரப் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். மக்கள் கொதித்தார்கள். இரண்டே நாளில் மாற்றிவிட்டார்கள்.

பிப்ரவரி 17. ஃபாரர் பார்க் மைதானம். சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் மட்டும் தனியாக. நாற்பதாயிரத்துக்கும் மேல் என்பார்கள். வெள்ளைக்கார அதிகாரி இவர்களை ஜப்பான்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒரு மைதானத்தில் அத்தனை பேர் எப்படி உட்கார்ந்தார்கள் என்று யோசிக்கிறேன். குடிக்கத் தண்ணீர் யார் கொடுத்தது?

சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடச் சுவரில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு. படைப்பிரிவு வாரியாக, எழுத்து ஒழுங்காக. இந்தியச் சிப்பாய்களின் பெயரும் இருக்கிறது.

மலாயா ரப்பர் தோட்டத்துத் தொழிலாளி பெயர் அந்தச் சுவரில் வராது. அவன் சிப்பாய் இல்லை.

சேலம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து கங்காணி கூட்டிப் போன ஆட்கள். நாகப்பட்டினத்தில் கப்பல். பினாங்கில் இறங்கித் தனிமைப்படுத்தும் முகாம். அப்புறம் தோட்டம், லயம், பால்வாளி. விடியுமுன் செக்ரோலில், வருகைப் பதிவில், பேர் கொடுப்பது.

திருப்பூர் அன்றைக்குக் கோயம்புத்தூர் ஜில்லா. தனி மாவட்டம் ஆனது 2009இல்.

சயாம் ரயில். ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குப் போட்ட பாதை, 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் தண்டவாளம் சேர்ந்தது. நேச நாட்டுக் கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் செத்தார்கள். அவர்களைப் பற்றி சினிமா வந்தது, புத்தகங்கள் வந்தன. கூலிகளாகப் போன ஆசியர்களில் செத்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் அதில் பெரும் பகுதி.

ஓசிக்கு சினிமா என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, அப்படியே ரயிலில் ஏற்றினார்கள். தப்பி வந்தவர்கள் சொன்னது.

அந்தப் பாதையில் காஞ்சனபுரி. கைதிகளுக்கு அங்கே போர்க் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 கல்லறைகள். புல் ஒரே மட்டமாக வெட்டியிருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித் தகடு. பெயர், வயது, படைப்பிரிவு. சில தகடுகளில் அம்மாவோ மனைவியோ எழுதிக் கொடுத்த ஒரு வரி.

காலராவில் செத்த தோட்டத்துக்காரர்களை மொத்தமாகக் குழியில் போட்டார்கள். சிலரை எரித்தார்கள். அண்மையில் அங்கே தமிழர்களுக்கு ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். எண்பது வருஷம் தாமதம்.

துணி. மறுபடி துணிக்கே வருகிறேன்.

ஜப்பான் காலத்து மலாயாவில் துணி வரத்து நின்றுவிட்டது. சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்கள். ஒரே சேலை வீட்டுப் பெண்களுக்கு முறை வைத்து. வெளியே போகிறவள் கட்டிக்கொள்வாள், மற்றவள் வீட்டுக்குள். ரயில் பாதையில் கோவணம்தான். கைதிகளுக்கும் அதே.

சணல் சாக்கு ஈரமானால் காய நேரம் பிடிக்கும். தோலை அறுக்கும். அதன் ஓரத்தை மடித்துத் தைப்பது சிரமம். வெட்டிய விளிம்பு பிரிந்துகொண்டே போகும். தையலுக்கு எளிதில் அடங்காத ஒன்றை மனிதர்கள் மூன்றரை வருஷம் உடுத்தினார்கள்.

வாழைமரம் அச்சடித்த பத்து டாலர் நோட்டு. ஜப்பான் அரசு அடித்தது. போர் முடிந்த அன்றே வெறும் காகிதம். எந்த அருங்காட்சியகத்திலும் இது கட்டாயம் இருக்கும். நிறம் இன்னும் பளிச்சென்று. சாக்கு உடுப்பை யார் எடுத்து வைப்பார்கள்?

இந்தப் பக்கம் சென்னை. 1942 ஏப்ரல். 5ஆம் தேதி கொழும்பில் குண்டு. 6இல் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9இல் திருகோணமலை. மெரினாவில் ஜப்பான்காரன் இறங்கப்போகிறான் என்று பட்டணம் காலியானது.

சென்ட்ரல் பக்கத்து மிருகக்காட்சி சாலை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கம், புலி தெருவுக்கு வந்துவிடும் என்று சுட்டுக் கொன்றார்கள். மலபார் போலீஸ்காரர்கள் வந்து சுட்டது.

யாரும் இறங்கவில்லை.

உயர் நீதிமன்ற வேலையில் ஒரு பகுதி கோயம்புத்தூருக்கு வந்தது. வக்கீல் குடும்பங்கள் வாடகைக்கு வீடு தேடின. என் அப்பத்தா சொல்லிக் கேட்டது: "பட்டணத்துப் பொம்பளைங்க கிணத்துத் தண்ணியக் காச்சிக் குடிச்சாங்க. வெறகு செலவு பாரு சாமி."

இறங்காத படைக்கு அருங்காட்சியகம் கிடையாது. சென்னையில் எம்டன் கப்பலுக்கு உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு உண்டு. அது 1914, முந்தைய போர். 42க்கு என்ன இருக்கிறது?

சூலூர். கோவை-திருச்சி ரோடு. போருக்காக அமைத்த விமானத் தளம். 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டம் நடந்தபோது, ஊர்க்காரர்கள் திரண்டு போய்த் தளத்தின் கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீ வைத்தார்கள். பிறகு போலீஸ் வீடு வீடாகத் தேடியது. அடி, ஜெயில்.

இப்போதும் அது விமானப்படைத் தளம். பல்லடத்திலிருந்து கோவை போகும்போது தலைக்கு மேல் போர் விமானம் தாழ்வாகப் போகும். பஸ்ஸில் குழந்தைகள் மட்டும் எட்டிப் பார்க்கும்.

1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு ஆணை. விலையை மில்லே துணியில் முத்திரை குத்த வேண்டும். கோவை மில்கள் ராணுவ ஆர்டரில் இராப்பகலாக ஓடின. பஞ்சு விளைந்த ஊரில் வேட்டி வாங்க வரிசை.

போன மாதம் பிரிண்டிங் பட்டறையில் ஒரு ஆர்டர் பார்த்தேன். பிரான்ஸ் கடற்கரை அருங்காட்சியகம் ஒன்றின் கடைக்கு. 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி, ஆலிவ் பச்சை. நெஞ்சில் படகும் அதிலிருந்து இறங்குகிற சிப்பாய்களும். கீழே 6 ஜூன் 1944. ஸ்கிரீன் நான்கு கலர்.

பிரிண்டர் பையனுக்கு ஊர் ஒடிசா. மேசையோடு நகர்ந்துகொண்டே இருக்கிறான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே அழுத்தம், ஒரே இழுப்பு. கடலுக்கு வைத்திருந்த நீலம் சிப்பாயின் காலில் கசிந்திருந்தது. அவன்தான் முதலில் பார்த்தான். நிறுத்திவிட்டு ஸ்கிரீனைக் கழுவப் போனான்.

"இது என்ன படம் தெரியுமா தம்பி?" என்று கேட்டேன்.

"ஃபிஷிங், அண்ணா?"

உட்கார்ந்து சொன்னேன். நார்மண்டியைச் சொன்னேன், கோத்தா பாருவையும் சொன்னேன். அவன் பெரிய தாத்தா பர்மாவுக்குக் கூலி வேலைக்குப் போனவராம். கஞ்சம் ஜில்லா. ஜப்பான்காரருக்குப் பயந்து 42இல் நடந்தே திரும்பி வந்த கூட்டத்தில் வந்தாரா என்று கேட்டேன். வரவில்லை என்றான். ரங்கூன் என்ற பெயர் மட்டும் வீட்டில் தெரியும்.

கஞ்சம், விசாகப்பட்டினம், ராமநாதபுரம், தஞ்சாவூர். ரங்கூனுக்கு ஆள் போன ஜில்லாக்கள்.

அந்தப் பட்டறையில் வருகைக்கு விரல் ரேகை மெஷின் இருக்கிறது. கான்ட்ராக்டர் கூட்டி வந்த ஆட்களுக்கு மட்டும் தனி நோட்டு. புரட்டிப் பார்த்தேன். ராஜு, ராஜு 2, பப்லு, சின்ன பப்லு. ஊர் என்ற கட்டத்தில் மேலே ஒரு 'ஒடிசா', அதற்குக் கீழே கடைசி வரைக்கும் மேற்படிக் குறி.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். முழுப் பேரு, அப்பா பேரு, ஊரு, ஜில்லா, வீட்டு போன் நம்பர்.

"எதுக்குங்ணா? சம்பளம் கான்ட்ராக்டர் கைக்குத்தான போகுது."

"எழுதுங்க."

பகல் ஷிஃப்ட் ஆட்களுக்கு எழுதியாயிற்று. ராஜு 2இன் பெயர் ராஜு இல்லை. நைட் ஷிஃப்ட் எட்டு மணிக்கு வருகிறது.